காலி இருக்கைகளின் காவல்

முதுகுக்குப் பின்னால் பந்து கம்பத்தில் மோதிய சத்தம் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராஜா திரும்பவில்லை. எதிரே இருந்த இருக்கைகளைப் பார்த்தார். வழக்கமாக அங்கே முகங்கள் நிறைந்திருக்கும். இன்று நாலைந்து பேர்.

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு மைதானம். மஞ்சள் மேலங்கியோடு கோலுக்குப் பின்னால், ஆட்டத்துக்கு முதுகு காட்டி நின்று, சனத்தைக் கவனிப்பது அவருடைய வேலை. திரும்பினால் மேற்பார்வையாளன் பீலிக்ஸின் கமெராவில் விழும், வேலை போகும். அகதியாக வந்த காலத்திலிருந்து வார நாட்களில் ஆஸ்பத்திரிச் சமையலறை, வார இறுதியில் இது. இத்தனை வருடத்தில் ஒரு கோலைக்கூட அவர் கண்டதில்லை. ஆனாலும் எந்த ஆட்டத்தையும் விபரமாகச் சொல்வார். பந்து கோலை நெருங்கினால் சனம் எழும்பும். யாராவது கையை வாயில் வைப்பார்கள். அது அவருக்குப் போதுமாயிருந்தது.

இன்று போதாது. பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளின் இறுதியாட்டம். பிராங்பேர்ட் அணியின் கோல்காப்பாளர் அவருடைய மகள் தேனுஜா. படிப்பு முடிவதால் இது அவளுக்குக் கடைசி ஆட்டம். அவள் விளையாடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. லீவு கேட்டபோது, மைதானம் நிரம்பப்போகிறது, முடியாது என்றான் பீலிக்ஸ்.

“அந்தச் சனமெல்லாம் எங்கையடா?” இடைவேளையில், பக்கத்துப் பகுதியில் காவல் நின்ற றொனால்டிடம் கேட்டார்.

“எங்கட எசன் பெட்டையள் ஃபைனலுக்கு வருவினம் எண்டு முதலே டிக்கெட்டை அள்ளிப்போட்டுதுகள், அண்ணை. அவையள் அரையிறுதியில கவிண்டுபோச்சினம். இப்ப எல்லாரும் விக்கினம், வாங்கத்தான் ஆளில்லை.”

“பிராங்பேர்ட் சனம் வந்திருக்கலாமே?”

“போன கிழமைதான் அரையிறுதி பாக்க இங்க பக்கத்தில டோர்ட்மண்டுக்கு வந்ததுகள். திரும்பவும் ரெயிலுக்குக் காசு குடுக்குங்களோ? மிச்சப்பேர், விலை இன்னும் விழும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவை. இப்பவும் வீட்டிலயிருந்து பாத்துக்கொண்டுதான் இருப்பினம்.” றொனால்ட் சிரித்தான். “நீங்கள் பேய்க்குக் காவல் நில்லுங்கோ.”

அணிகள் பக்கம் மாறின. தேனுஜா அவருடைய பக்கத்துக் கோலுக்கு வந்துவிட்டாள் என்பது அவள் கத்திய குரலில் தெரிந்தது. மழை பிடித்தது. எதிரே இருந்தவர்களும் கூரையுள்ள பக்கத்துக்குப் போனார்கள்.

அந்த இருக்கைகள் ஆள் அமர்ந்தால் இறங்கும். எழும்பினால் தாமாக மடியும். எல்லாம் மடிந்திருந்தன.

நடு வரிசையில் ஒன்று இறங்கியது. காற்று என்று நினைத்தார். காற்று இருக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை முழுவதும், ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து அமரும் ஒழுங்கில். மழை பெய்துகொண்டிருந்தது. இறங்கிய இருக்கைகள் நனையவில்லை.

வாக்கிடோக்கியை வாயருகே கொண்டுபோனார். இறக்கினார். பழக்கத்தில் கண்களை வரிசை வரிசையாக ஓட்டினார்.

பின்னால் விசில் ஊதியது. ஒலிபெருக்கி அறிவித்தது: எதிரணிக்குப் பெனால்டி. பிராங்பேர்ட் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாய்.

இருக்கைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மடிந்தன. எழும்பிவிட்டார்கள். பந்து இன்னும் உதைபடவில்லை.

அவர் திரும்பினார்.

வலைக்கு அப்பால் தேனுஜாவின் முதுகு. பின்னல் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து விரல்களில் பட்டு வெளியே போனது.

அவருக்குப் பின்னால் கைதட்டல் எழுந்தது. மிக அருகில். பிடரியில் யாரோ விட்ட மூச்சு பட்டது. அவர் திரும்பவில்லை. ஆட்டம் முடியும்வரை மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளும் மழை. காலையில் பீலிக்ஸ் தொலைபேசியில் அழைத்து, இனி வரத் தேவையில்லை என்றான். கமெராவில் வேறு யாரும் தெரிகிறார்களா என்று அவர் கேட்டார். யார் என்று பீலிக்ஸ் கேட்டான். அவர் வைத்துவிட்டார்.

மத்தியானம் தேனுஜா அழைத்தாள். “அப்பா, உங்கட பக்கம்தான் நல்லாக் கைதட்டிச்சினம். ஆரப்பா அந்தச் சனம்?”

“தெரியேல்லைப் பிள்ளை. நான் திரும்பிப் பாக்கேல்லை.”

மேலங்கியைத் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டார். சோறு சமைத்துச் சாப்பிட்டார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதற்காக மைதானத்தில் தன் பகுதி வாயிலுக்குத் தந்திருந்த சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.