பொருந்தாத எண்

சம்சுன் நிஹார் கீரனூரிலிருந்து பஸ்ஸில் வந்து, நூலகத்தின் ஒலிப்பதிவுகளை வாராவாரம் சரிபார்ப்பவள். சேமித்த அன்றே கணினி ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்துவிடும். பதிவில் துளி மாறினாலும் எண் பொருந்தாமல் திரைப் பட்டியலில் அதன் வரி சிவந்துவிடும்.

பார்வையற்றோருக்காக அவள் கணவர் ஜெய்னுலாப்தீன் வாசித்த கதை, அவர் மௌத்தாகி அடக்கமான மறுவருடம் சிவந்தது. போட்டுக் கேட்டாள். கதை முடிந்ததும், “சம்சு, பஸ்ஸ விட்டுராத புள்ள” என்றது அவர் குரல். முன்பு அது இல்லை.

“கெட்டுப்போன ஃபைல், அக்கா. அழிச்சிட்டு நல்ல காப்பியப் போடுங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?” என்றாள் பக்கத்து மேசை கார்த்திகா.

அழித்தாள். எண் பொருந்தியது.

அடுத்த வாரம் அதே வரி மறுபடி சிவந்திருந்தது. இம்முறை எதையும் அழிக்கவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றியபோது கீரனூர் பஸ் போயிருந்தது.