தொண்ணூற்றாறு அடிச் சுவர்

2023 செப்டெம்பர் 14, வியாழக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். பதுளையில் மழை இல்லை. ஆனால் நமுனுகுல மலை இடுப்புக்கு மேலே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் பிரதேச செயலகக் காரியாலயத்தின் மேல்மாடியில் டெண்டர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு உறைகள்தான் இருந்தன. ஒன்று பதுளைக் கொந்தராத்துக்காரர் ஒருவருடையது. மற்றது எங்கள் தோட்டத்து நலன்புரிச் சங்கத்தினுடையது. அதை நிரப்பியவன் நான். தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தின் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் கிளாக்கராக இருந்தவன் என்பதால் எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் விழும்.

வேலை ஒரு தடுப்புச் சுவர். கடைசி லயத்தில், அந்த ஒரே வரிசை வீட்டில், குடும்பத்துக்கு ஒன்றாக எட்டுக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி அகலம், மொத்தம் தொண்ணூற்றாறு அடி. அவற்றின் பின்னால் செங்குத்தான மண் திட்டு. எட்டாவது காம்பராவில் என் தங்கை இருந்தாள். அரசாங்கம் இருபது இலட்சம் ஒதுக்கியிருந்தது. அந்தப் பணத்துக்கு எத்தனை அடி வருமோ அத்தனை அடி கட்ட வேண்டும், ஓர் அடிக்கு என்ன விலை என்று எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு விலைகளையும் உரக்க வாசித்தார்கள். கொந்தராத்துக்காரர் அடிக்கு முப்பத்து மூவாயிரம். நாங்கள் இருபதாயிரத்து ஐந்நூறு. நான் மனதிலேயே வகுத்துப் பார்த்தேன். அவர் விலைக்குச் சுவர் அறுபது அடியில், ஐந்தாவது காம்பராவோடு நின்றுவிடும். எங்கள் விலைக்கு எட்டும் அடங்கும்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வேலை கொந்தராத்துக்காரருக்கு. எங்கள் விலை நிராகரிக்கப்பட்டது.

பஸ் ஏறிப் போய்த் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கண்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையானவர். பத்திரத்தைத் திருப்பி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஐயா, கூலி எண்ட இடத்தில நீங்கள் பூச்சியம் போட்டிருக்கிறியள். அப்பிடிப் போட்டா இந்த விலைக்கு வேலை முடியாதெண்டுதான் கமிட்டி எடுக்கும்."

"கூலி இல்லீங்களே. சிரமதானம். வீட்டுக்கு ஒரு ஆள் வருவாங்க."

"எனக்கு விளங்குது. பத்திரத்துக்கு விளங்காதே, ஐயா."

எங்கள் பக்கம் கோயிலுக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ வேலை என்றால் காம்பராவுக்கு ஒருவர் வந்து நிற்பார்கள். வர முடியாதவர் ரொட்டியும் தேத்தண்ணீரும் அனுப்புவார். அதற்குக் கூலி எழுதுவது யாருக்கும் தோன்றாது. பத்திரம் நிரப்பிய அன்று கூலி என்ற இடம் வந்ததும் பேனையை நிறுத்திச் சங்கத் தலைவரைக் கேட்டேன். மூன்றாவது காம்பராக்காரர், தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர்.

"நம்ம முதுகுக்குப் பின்னாடி நாமளே மண்ணு வெட்டுறதுக்கு நமக்கு நாமளே சம்பளமா? சிரிப்பாங்க, கிளாக்கரையா. முட்டையப் போடுங்க" என்றார். போட்டேன்.

முறையிட ஒரு வாரம் இருந்தது. திருப்பித் தராத கட்டணம் இருபத்தையாயிரம் கட்ட வேண்டும். முறையீடு முடியும்வரை யாரோடும் ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். சங்கத்தில் பேசினோம். முதல் ஐந்து காம்பராக்காரர்களுக்கு எப்படியும் சுவர் உண்டு, அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம். தலைவர்தான் முதலில் கையெழுத்து வைத்தார்.

"அஞ்சு வீட்டோட செவரு நின்னா, மத்த மூணு வீட்டு ஆளுங்க மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

என் தங்கை மட்டும், "எட்டாங் காம்பராவுக்காக அஞ்சு வீட்டுச் செவர நிப்பாட்டாதீங்கண்ணே. நா எங்கயாச்சும் ஒதுங்கிக்கிறேன்" என்றாள். அவளை அதட்டிவிட்டேன்.

ஒக்டோபர் கடைசியில் கொந்தராத்துக்காரர் ஜீப்பில் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னோடு பேசுவதற்கு முன் லயத்தின் பின்பக்கம் போய்த் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு சவுக்கு மரங்கள் லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தன.

"ஐயா, எனக்கு வேற வேல இருக்கு. இது போனாலும் பரவாயில்ல. ஆனா நீங்க கடுதாசிய வாபஸ் வாங்கலன்னா மழைக்கு முன்னுக்கு இங்க ஒரு கல்லும் வைக்க ஏலாது. அத மட்டும் யோசிச்சுக்கங்க."

அதை மிரட்டல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

நவம்பரில் மழை பிடித்தது. திட்டின் மேலே ஒரு வெடிப்புக் கண்டது. இரண்டு பக்கமும் குச்சி நட்டு அளந்தேன். முதல் நாள் இரண்டு அங்குலம், எட்டாம் நாள் மூன்றரை. பிறகு குச்சிகளே சாய்ந்துவிட்டன. எப்போதும் தெளிவாக வரும் ஊற்றில் சேற்று நிறத்தில் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் அதுவும் நின்றது. தண்ணீர் உள்ளேயே தேங்குகிறதே என்று, நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் காரியாலயத்துக்குப் போய்ச் சொன்னேன். "முறையீடு விசாரணையில இருக்கு" என்றார்கள். தோட்டத்து ஆபீசில் சொன்னேன். பாடசாலை மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். லயத்து ஆட்கள் இரவில் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் சமைக்கத் திரும்பி வந்தார்கள். அடுப்பும் அரிசியும் லயத்தில்தானே இருந்தன.

டிசம்பர் 12ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நாங்கள் வென்றோம். கூலியைப் பற்றி எங்களிடம் விளக்கம் கேட்காமல் நிராகரித்தது பிழை, கொந்தராத்துக்காரருக்கு வேலை கொடுத்த முடிவு இரத்து, புதிதாக விலை கோர வேண்டும் என்று எழுதியிருந்தது. டிசம்பர் 31க்குள் செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பது அதில் எழுதியிருக்கவில்லை. அதை உத்தியோகத்தர் போனில் சொன்னார்.

தங்கையிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"ஜெயிச்சிட்டீங்க. சரி. செவரு எங்கண்ணே?"

19ஆம் திகதி காலை ஒன்பதரை மணிக்குத் திட்டு இறங்கியது. ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். எட்டாவது காம்பராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் வந்து விழுந்தது மூன்றாவதில். கொந்தராத்துக்காரர் கட்டியிருந்தால் சுவர் நின்றிருக்கும் இடம். காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகாத தலைவரின் மனைவி, இடிந்த அடுப்படிச் சுவரோடு சேர்ந்து புதைந்தாள். கையால் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. கொழுந்து பறிக்கும் வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் கைக்கு வைக்கத் தகடு வெளியே வாங்கச் சொன்னார்கள். தலைவர் வாசலில் ஈரச் சாரத்தோடு நின்றார். நான் அவர் கையிலிருந்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முறையீட்டைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் நன்றாக இருக்கும் என்று இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் இப்போது இடது கையால் பறிக்கப் பழகுகிறாள், ஒரு நாள் சம்பளத்துக்கு வேண்டிய கொழுந்து நிறை எட்டுவதில்லை. லயத்தில் ஐந்து குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

ஆன செலவை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முறையீட்டுக் கட்டணம் இருபத்தையாயிரம். சட்டத்தரணி எழுதிய கடிதம் ஏழாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸும் போட்டோ கொப்பியும் மூவாயிரத்து இருநூற்று இருபது. தகடு நாற்பத்தெட்டாயிரம். மொத்தம் எண்பத்து மூவாயிரத்து எழுநூற்று இருபது ரூபா.