ராஜவேலுவின் தோட்டத்து நடுவே என் வீடு

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக்காற்று தறியின் பாவு நூலையே அசைத்துக்கொண்டிருந்த பருவத்தில் ராஜவேலுவை முதன்முதலாகக் கண்டேன். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு வாசலில், முள் நிறைந்த செம்பழக் குலைகளைக் குட்டியானை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பாமாயில் குலைம்மா. இதாம்மா என் தோட்டத்து நடு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நகரத்துக்கு வெளியே தொலைவிலுள்ள தென்னேரியில் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். கூலிக்கு அறுத்து வாழ்ந்த குடும்பத்தில் முதலில் நிலம் வாங்கியவர் அவரே. நான்காண்டு வளர்த்த எண்ணெய்ப்பனையின் முதல் அறுவடை அது. வெட்டிய குலை மறுநாளுக்குள் ஆலையைச் சேராவிட்டால் கெட்டுவிடும். ஆலை வண்டியோ, கைப்பேசி வரைபடம் காட்டும் தோட்டத்து நடுப்புள்ளிக்கு மட்டுமே வரும்.

அந்த வரைபடத்தை உண்டாக்கியவரும் அவரே. எண்ணெய் நிறுவனத்தின் செயலியைத் திறந்துவைத்து, கைப்பேசியுடன் வரப்பைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். வைகாசி விடியலில் மூன்று வரப்புகளை நடந்து முடித்திருந்தார். அன்று கருடசேவை, அவர் ஓராண்டும் தவறவிட்டதில்லை. ஊர் வேன் புறப்படும் ஓசை கேட்டதும் செயலியை மூடாமலே கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடி ஏறினார். காஞ்சிபுரத்து வீதிகளில் பெருமாளின் பின்னாலேயே நடந்து சுற்றினார். மாலையில் ஊர் திரும்பி, நான்காம் வரப்பையும் ஒழுங்காக நடந்து முடித்தார். செயலி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. நகரத்தில் பாதியும் எங்கள் தெருவும் ராஜவேலுவின் எண்ணெய்ப்பனைத் தோட்டமாயின. திருத்தம் ஓராண்டு கழித்துத்தான் என்று நிறுவனத்தார் கூறிவிட்டனர்.

சற்று நேரத்தில் ஆலை வண்டி வந்தது. ஓட்டுநர் வசந்த் கைப்பேசியைப் பார்த்தார். என் வாசலைப் பார்த்தார்.

"கரெக்டா நடுவுலயே வெச்சிருக்கியேபா!" என்று மெச்சிக் குலைகளை ஏற்றிச் சென்றார்.

அதன்பின் ராஜவேலு அறுவடைதோறும் வந்தார். எதிர்வீட்டு நெசவாளர் திருஞானசம்பந்தம், "வந்துட்டாருப்பா பண்ணையார்! என் தறிக்கும் கொஞ்சம் உரம் வெச்சிட்டுப் போ" என்பார். ராஜவேலு சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வந்தது: 'தோட்டத்தில் பசுமை மிகக் குறைவு. உடனே நீர் பாய்ச்சவும்.' வானத்திலிருந்து பார்த்த செயற்கைக்கோளின் கண்ணுக்கு எங்கள் கூரைகளே தெரிந்தன போலும். அவர் என் குடத்தை வாங்கி, வாசல் முழுவதும் நீர் ஊற்றினார்.

"சிமெண்டுத் தரையில் என்னப்பா முளைக்கும்?"

"ஊத்தலன்னு வண்டிய நிறுத்திட்டா இன்னாம்மா பண்றது? குலை அழுகிடுமே!"

மறு ஆண்டு ஆடியில் திருத்தும் நாள் வந்தது. இம்முறையும் பிழையானால் அவருடைய குலைகளை வாங்குவதற்கில்லை என்று நிறுவனம் அறிவித்திருந்தது.

"நீங்களும் வாங்கம்மா. பக்கத்துல நீங்க இருந்தா நா எங்கியும் ஓட மாட்டேன்."

சென்றேன். மூன்று வரப்புகளைத் தலைநிமிராமல் நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். நான்காம் வரப்பில் கால் வைத்தபோது பம்பை ஒலித்தது. அம்மன் ஊர்வலம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ராஜவேலு நின்றுவிட்டார். கைப்பேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவருடைய ஒரு கால் மட்டும் தானாகவே ஏரியை நோக்கித் திரும்பியது.

"ராஜவேலு, நேரே நடப்பா!" என்றேன்.

"நடக்கறேம்மா. ஒரே ஒரு உதவி. கொஞ்சம் ஓடிப்போயி அவங்ககிட்ட சொல்லுங்க. அம்மன இந்த வரப்பு மேலயே தூக்கிக்கினு வரச் சொல்லுங்க. நா பின்னாடியே வந்து முடிச்சிடறேன்."