ஆறாவது ஹூக்

அந்த ரவிக்கையில் ஆறு ஹூக் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தன. ஆறாவது வர வேண்டிய இடத்தில் வெறும் சாக்பீஸ் புள்ளி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டெய்லர் அக்காவின் கடை வாசலில், கையில் ரவிக்கையும் முகத்தில் கோபமுமாகப் போய் நின்றேன். இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாமல் துரத்தும் யோசனை அன்றுதான், அந்தப் புள்ளியிலிருந்துதான் முளைத்தது.

அப்போது நான் ஏனாத்தூரில் சமூகப்பணி படித்து முடித்த கையோடு, தற்கொலைகளைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராயும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். ஒரு மனநல மருத்துவர், விவசாயப் பொருளாதாரம் படித்த ஒருவர், புள்ளியியல் சார், நான். ஆளுக்கொரு பாஷை பேசுவோம். தோற்பதில் மட்டும் ஒற்றுமை. முதல் தடவை திறந்த கதவு இரண்டாம் தடவை திறக்காது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வாசலில் ஜீப் என்று போய் நின்றால் யார்தான் திறப்பார்கள்? திருப்புலிவனம் பக்கம், கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் (யாரென்று சொல்ல மாட்டேன்) முதல் சந்திப்பில், "சில நாளு ஏன்தான் விடியுதோன்னு கீதும்மா" என்று சொல்லியிருந்தார். மருத்துவர் அன்று அவரோடு வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, மறுவாரம் வருவதாகச் சொல்லி வந்தார். மறுவாரம் போனால் பூட்டு. அதற்கடுத்த வாரமும் பூட்டு. காலையில் என்னைப் பார்த்ததும் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வியே, "அவங்களப் பாத்தியா?" என்பதாகிவிட்டது.

கடையில் அக்கா மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"இன்னா, ஹூக்கு வுட்டுப்போச்சா? குந்து."

"வேணும்னே விட்டீங்களா?"

"பின்ன? எல்லாத்தையும் வச்சுக் குட்த்தா நீ பொங்கலுக்குத்தான் திரும்பி வருவ. அதுவரிக்கும் நான் இந்த மிஷினோட பேசிக்கினு கெடக்கணுமா? புடிச்ச ஆளுக்குத்தான் வுடுவேன். புடிக்காத ஆளுக்கு ஏழு ஹூக்கு வச்சு அனுப்பிடுவேன், இந்தப் பக்கமே வரக்கூடாது!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. துணி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அதே பெண். மடியில் பச்சை ரவிக்கை. அதிலும் கடைசி ஹூக் இல்லை! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் முன்பே தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு எதுவும் தெரியாது, என் மூலம் தெரியவும் கூடாது. அந்தப் பெண்ணே ஆரம்பித்தார்: "உனுக்கும் வுட்டுட்டாளா? எனுக்கு இது மூணாவது வாட்டி." மூன்று பேரும் சிரித்துத் தீர்த்தோம். அக்கா டீ சொல்லிவிட்டு வர எழுந்து போன நேரம் பார்த்து, அவர் என் பக்கம் குனிந்தார். "வூட்டாண்ட ஜீப்பு வந்தா தெருவே எட்டிப் பாக்குது, பேஜாரா கீது. அந்த டாக்டரம்மா இங்க வருவாங்களா? ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கற மாதிரி?"

மருத்துவர் மறுநாளே இரண்டு மீட்டர் துணியோடு வந்தார்.

குழுவில் நான் மூச்சு விடாமல் பேசினேன்: எதையாவது கொஞ்சம் முடிக்காமல் விட்டு வருவோம், திரும்பிப் போக நமக்கும் ஒரு சாக்கு, திரும்பி வர அவர்களுக்கும் ஒரு சாக்கு. "ஹூக்கை ஃபார்ம்ல எந்தக் கட்டத்துலம்மா பதிவு பண்றது?" என்றார் புள்ளியியல் சார். "கட்டத்தைப் பெரிசாக்குங்க சார்," என்றார் மருத்துவர். அந்தப் பெண் இப்போது மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார். போன மாதம் தன் தெருவிலிருந்து இன்னொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

அடுத்த வாரம் இதே யோசனையோடு காவாந்தண்டலம் கிராமத்துக்குப் போகிறோம். ஜீப் கிடையாது, எங்கள் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட அக்காவும் அவருடைய பழைய மிஷினும் வருகிறார்கள். நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருவோம். கிழிந்ததைத் தைக்கக் கொடுக்கலாம். பேசத் தோன்றினால் பேசலாம். மருத்துவர் ஹூக் வைக்கப் பழகுகிறார், எல்லாம் கோணல். "இதப் பாத்தே ஜனம் திரும்பி வரும், பிரிச்சுத் தைக்கறதுக்கு!" என்கிறார் அக்கா. பலிக்குமா, தெரியாது.

அன்று கொண்டுபோன ரவிக்கையைத்தான் காவாந்தண்டலத்துக்குப் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். ஆறாவது ஹூக்கின் இடத்தில் இன்னும் சேஃப்டி பின்தான் குத்தியிருக்கிறது. எப்போது நீட்டினாலும், "அடுத்த வாட்டி வா, வைக்கிறேன்," என்கிறார் அக்கா.