காய்ச்சல் என்று போடமாட்டேன்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். இனிமையாக எழுத வேண்டிய இடம்தான் இது. எனக்கு அது வரவில்லை.

அக்கா பிறந்தது சேரன்மகாதேவியில், பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டின் மூத்த பிள்ளையாக. பாளையங்கோட்டையில் மருத்துவம் படித்து, சென்னைக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். கழுத்திலும் அக்குளிலும் கட்டியாகத் தலைகாட்டும் நிணநீர்ப் புற்றுநோய்தான் அவர் எடுத்துக்கொண்ட துறை. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்திக்கே அந்த நோயணுக்களை அடையாளம் காட்டி, அதைக் கொண்டே அழிக்க முடியுமா என்று கடைசிவரை தேடினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதம் ஒருமுறை ரயிலேறி ஊருக்கு வந்து, இங்கே வண்ணார்பேட்டையில் நம் பக்கத்து நோயாளிகளைப் பார்ப்பார்.

புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டுமானால், நோயாளியிடமே நோயின் பெயரைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அங்கேதான் நம் சனங்கள் அக்காவைப் படாதபாடு படுத்தினார்கள். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, சளிக்கட்டி என்று சொல்லிவிடுங்கள் என்பார்கள். அக்கா மறுத்தால் ஆளையே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பெரியம்மா மகனுக்கும் அதுதான் நடந்தது. எந்த வைத்தியமும் இல்லாமல், தனக்கு என்ன நோய் என்றே தெரியாமல் அவன் போய்ச் சேர்ந்தான். துட்டி வீட்டில், பிணத்தைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போதே அக்கா சொன்னார்:

"பேரச் சொன்னா செத்துருவாம்னு பயந்திய. சொல்லாமத்தான செத்துக் கெடக்கான்."

பிறகு அதே நோய் அக்காவுக்கு வந்தது. நோயாளிகளிடமிருந்து தொற்றிக்கொண்டது என்று நம்மவர்கள் பேசினார்கள். அது தொற்றுகிற நோயே இல்லை. பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று, தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள். அவர்களில் சிலர்தான் இந்த மலரில் "மருத்துவத் தெய்வம்" என்று இரங்கற்பா எழுதித் தந்திருக்கிறார்கள். அதையும் அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் சித்தப்பா வந்தார். "ஏலே, கலியாணத்துக்குப் பிள்ள வச்சிருக்க. அக்கா காய்ச்சல்ல போயிட்டானு மலர்ல போடு" என்றார். என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தில் புற்றுநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கலாம். பெற்ற மனம், எனக்கும் திக்கென்றது. மகளிடமே கேட்டேன்.

"அத்த சீக்க மறைச்சுத்தான் எனக்கு மாப்பிள்ள வரணும்னா, அவுக வராண்டாம்ப்பா" என்றாள்.

கடைசி நாட்களில் அக்காவைத் தொட்டுத் தூக்கிய செவிலியர்களுக்கும், நோயின் பெயர் தெரிந்தே அவருடைய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அச்சகத்திலிருந்து வரும் முதல் பிரதி மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகிறது. எங்கள் அக்கா நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். இதைப் படித்த பிறகும் அவர்கள் பெண் பார்க்க வந்தால், அவர்களுக்கும் என் நன்றி.