டீக்கடை அக்காவின் ஞானஸ்நானம்

இருபது வயதில் என்னை 'மூப்பர்' என்று அழைத்தார்கள். மார்மன் சபையில் ஊழியத்துக்குப் போகிற பையன்கள் எல்லோருக்கும் அதுதான் பட்டம். போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த அக்கா அதை முதல்முறை கேட்டபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மீசையே ஒழுங்கா மொளைக்கல, இதுல மூப்பராம்ல மூப்பரு!" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த ஊரில் இருந்த மாதங்களில் நான் பயப்படாத நாள் ஒன்று இருந்ததாக நினைவில்லை.

பயப்பட எனக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். எங்கள் சபையில் ஊழியர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் கண்ணில் படாமல் இன்னொருவர் எங்கும் போகக் கூடாது. என் ஜோடி ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன். படுத்தால் அடுத்த நிமிடம் குறட்டை. நான் மட்டும் மொட்டைமாடி அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு யார் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு போடியில் நடந்தால் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையப்போகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த பொட்டிபுரத்தில் பஸ் மாறுவதற்காக ஒருமுறை இறங்கி நின்றோம். "மலையக் குடைய வந்த ஆளுகளாப்பா நீங்க?" என்று ஒரு பெரியவர் மறித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிரசங்கம் செய்யக் கூடாது, கூப்பிட்டவர்களிடம் மட்டும் போக வேண்டும் என்பது எங்களுக்கு இருந்த கட்டளை. என்னைப் போன்றவனுக்கு அது பெரிய நிம்மதி.

அக்கா எங்களைக் கூப்பிட்டவர். அவருடைய மகளும் மருமகனும் பெங்களூரில் எங்கள் சபையில் சேர்ந்திருந்தார்கள். மகள்தான் நம்பர் கொடுத்திருந்தாள். நாங்கள் போய் உட்கார்ந்ததும், கும்பிடு, நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எம் மக ஒண்ணு சொன்னா. உங்க சபையில புருசன் பொண்டாட்டி உறவு செத்த பொறவும் அறாதாம்ல? செத்துப் போனவருக்கும் சேத்து வைப்பீகளாம்ல? நெசமா?"

அவருடைய கணவர் ஜீப் ஓட்டியவர். எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு வரும்போது போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி உருண்டுவிட்டது. கடைச் சுவரில் மாலை போட்ட படம் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காமல், "நிஜம்தான்க்கா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு அப்பு. வெளையாட்டு வார்த்த இல்ல இது."

யோசித்தேன். நான் பிறக்கும் முன்பே அம்மாவும் அப்பாவும் கோயம்புத்தூரில் இந்தச் சபைக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்த விஷயம் இது. நம்பினேன், சந்தேகமே இல்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த ஒரு மனுஷி கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்கும்போது, 'ஆமாம்' என்கிற சொல் அவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "ஆமாம்க்கா" என்று இரண்டாவது முறையும் சொன்னேன்.

வழியையும் சொன்னோம். முதலில் அவர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து, இந்த மாதிரிச் சடங்குகளுக்கென்றே உள்ள எங்கள் ஆலயத்துக்குள் போகலாம். அங்கே இறந்தவருக்குப் பதிலாக மருமகன் தண்ணீரில் இறங்குவார். பிறகு இருவரையும் சேர்த்து வைப்பார்கள். அக்கா மகளிடம் போனில் எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வாராவாரம் எங்கள் அறையில் நடந்த ஆராதனைக்கு வந்தார். பாட்டுத்தான் கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

பிறகு நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாடம் வந்தது. சாராயம் கூடாது, புகையிலை கூடாது, காபி கூடாது, டீ கூடாது. இதை எத்தனையோ பேரிடம் கடகடவென்று சொல்லியிருக்கிறேன். இங்கே பக்கத்தில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே 'ஸ்பெஷல் ஏலக்காய் டீ' என்று போர்டு. என் ஜோடி என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க, கடைசியில் என் வாயிலிருந்துதான் வந்தது.

அக்கா பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். "விக்கலாமா?" என்றார்.

எங்கள் பொறுப்பாளரிடம் போனில் கேட்டேன். விற்பது அவர் பிழைப்பு, அதற்குத் தடை இல்லை, குடிப்பதுதான் கூடாது என்றார். அப்பாடா என்று இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சரி. ருசி பாக்காம எப்பிடி விக்க?" என்றார் அக்கா.

அப்போதுதான் விளங்கியது. பால் தினமும் ஒரே மாதிரி வராது. ஒருநாள் தண்ணீராக இருக்கும், ஒருநாள் திக்காக இருக்கும். தூளும் மூட்டைக்கு மூட்டை மாறும். எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும்போது விழுகிற தோலை வாங்கிக் கொதியில் போடுவார்; அதில் கொஞ்சம் கூடினாலும் கசந்துவிடும். அதனால் விடியும் முன்னே முதல் கிளாஸை ஆற்றித் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கிளாஸ் வெளியே போகும். எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பெல்லாம் அங்கே நின்று குடித்துவிட்டுத்தான் மலை ஏறும்.

"நான் வேணா ருசி பாத்துச் சொல்லவா?" என்று என் ஜோடி விளையாட்டாகக் கேட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் பொறந்ததுலருந்து டீயே குடிச்சதில்லங்கிறீக. நல்ல டீ எது, நாறுன டீ எதுன்னு ஒங்களுக்கு எப்பிடிடா தெரியும்? விட்டது என்னான்னே தெரியாம விட்டவுக நீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. ஒரு ஜீப் டிரைவர் அண்ணனை ருசி பார்க்க வைத்தார். ஓசி டீ என்றதும் அவருக்கு எல்லாமே 'சூப்பர்'தான். வெந்நீரைக் கொடுத்திருந்தாலும் சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்து டீயைக் குறைத்துச் சுக்கு மல்லி போட்டுப் பார்த்தார். "எனக்குச் சளியாக்கா பிடிச்சிருக்கு?" என்று ஒருத்தி கிளாஸை அப்படியே திருப்பி வைத்துவிட்டாள். சாந்தன்பாறைக்குப் போகிற மலையாளி சூப்பர்வைசர் ஒருவர், "சேச்சி, இது சாயாயா, கஷாயமா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார். கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்: வாயில் ஊற்றி, நாக்கில் பட்டதும் துப்பிவிடுவது. துப்புவது குடிப்பதாகுமா, ஆகாதா என்று நாங்கள் இருவரும் அறையில் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். அவன் குடிப்பதாகாது என்றான். எனக்கும் ஆகாது என்றுதான் சொல்ல ஆசை. ஆனாலும் வாய் வரவில்லை.

இதற்குள் ஸ்டாண்டில் பேச்சு கிளம்பிவிட்டது. "அந்த வெள்ளச் சட்டக்காரப் பயலுகதான் அக்கா கடையக் கெடுத்துட்டானுக" என்று என் காது படவே சொன்னார்கள். அந்தப் பக்கம் போகவே கால் கூசியது. அந்தப் பெஞ்சுகளில் ஆள் குறைந்திருப்பதை நானே பார்த்தேன். கடை படுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? சபை சோறு போடுமா? நான் சோறு போடுவேனா? ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராமல் பாய்லர் ஞாபகம்தான் வந்தது.

நாள் வேறு குறித்தாகிவிட்டது. எங்கள் ஞானஸ்நானத்துக்கு ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு முடியோ சேலை நுனியோ மேலே மிதந்தாலும் திரும்ப முதலிலிருந்து. அதற்கு ராசிங்காபுரத்தில் ஒரு விவசாயியின் பம்ப்செட் தொட்டியைக் கேட்டு வைத்திருந்தோம். தொட்டியில் பாசி வழுக்குமே, அக்காவைத் தாங்கிப் பிடிக்க என் கைக்குப் பலம் உண்டா என்று அதற்கும் தனியாகப் பயந்தேன். சனிக்கிழமை ஞானஸ்நானம். அடுத்த திங்கட்கிழமை எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும் என்று பேச்சு. அதற்குள் முடிந்துவிட வேண்டுமே என்று தவித்தேன்.

ஞானஸ்நானத்துக்கு முன் அக்காவை நேர்காணல் செய்ய, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்து இன்னொரு ஊழியர் தன் ஜோடியோடு வந்தார். பாடம் சொன்னவர்களே நேர்காணலும் செய்யக் கூடாது என்பதால் வெளியாள். அவருக்கும் என் வயதுதான். அறையில் அக்காவும் அவரும்; கதவு திறந்திருந்தாலும் நாங்கள் காதில் விழாத தூரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தோம். அக்கா எதையாவது ஒளிவு மறைவில்லாமல் போட்டு உடைத்துவிடுவாரே என்று எனக்கு ஒரே படபடப்பு. ஒருவர் உண்மை சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிற ஊழியனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அன்று நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்த மதுரைக்காரர் முகம் வாடியிருந்தது. "நாளைக்கு வேண்டாம் பிரதர். அக்காவே வேண்டாங்கிறாங்க" என்றார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"டீ குடிக்கிறத விட்டுட்டீகளான்னு கேட்டாரு. இல்ல, இன்னைக்குக் காலையில குடிச்சேன்னேன்."

"துப்பிட்டுத்தான இருந்தீங்க?"

"நேத்து வரைக்கும் துப்புனேன். இன்னைக்கு என்னமோ பாலும் தூளும் சேந்து அப்பிடி வாச்சுப் போச்சு. எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப வர்ற மாதிரி. நல்லா வந்த டீயத் துப்ப மனசு வரல அப்பு. உக்காந்து ஒரு கிளாசு முழுசாக் குடிச்சேன்."

"விட முயற்சி பண்றேன்னு சொல்லியிருக்கலாம்லக்கா!" என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஏலக்கா சீசன் முடியட்டும். கடைய எங் கொழுந்தன் பொண்டாட்டிக்கு விட்டுட்டு மக வீட்டுக்குப் போறேன். பாய்லர் பக்கத்துல நின்னா என்னால விட முடியாது, தெரிஞ்சுபோச்சு. அங்க போயி எறங்குறேன் தண்ணியில."

"அப்ப நான் இருக்க மாட்டேன்க்கா."

"இல்லாட்டி என்ன? பிடிச்சு முக்க ஒரு ஆளு இருந்தாப் போதும்ல." சொல்லிவிட்டு அவரே என் முகம் விழுந்ததைக் கவனித்திருக்க வேண்டும். இறங்கத் தொடங்கியவர் நின்று, என் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

இத்தனை நாளும் அவருக்காகத்தான் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைத் தண்ணீரில் இறக்குகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அந்தப் படிக்கட்டில்தான் உறைத்தது. பன்னிரண்டு வயதிலிருந்து வருஷா வருஷம் சபை நேர்காணலில் என்னிடமும் டீ பற்றிய அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறைகூட யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

"ஒரு வருஷம் ஆலயத்துக்கு வேற காத்திருக்கணுமேக்கா. இதுல சீசன் முடியிற வரைக்கும்…" என்று இழுத்தேன்.

"காத்துக்கெடக்குறது எனக்குப் புதுசா? அவசரம் ஒனக்குத்தாண்டா" என்றார் அக்கா. "அவரு கூடச் சேரணும்னுதான இம்புட்டும். பொய்யச் சொல்லிப்புட்டு அந்த மனுசன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"