குளிரின் மேல் போட்ட பழி

எங்கள் மலையில், ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்து மளிகைக்கடையின் பின்பக்கம் யாராவது பழைய சாக்கை உதறினால் போதும், என் விரல்கள் தாமாக மடங்கி முஷ்டியாகிவிடும். தப், தப். பிறகு அந்த வாசனை வரும். சணல், போன வருஷத்துக் காப்பிக்கொட்டை, மழையில் நனைந்து காய மறந்த ஈரம். சாமான் வாங்க நிற்கும் வெளியூர்க்காரர்கள் மூக்கை இழுத்து, "ஆகா, காப்பி வாசனை" என்பார்கள். எனக்கு அதில் என் மகளின் மூச்சு கேட்கும். கதவிடுக்கில் மாட்டிய காற்றுபோல ஒரு கீச்சு.

"உங்க ஊர்க் குழந்தைங்க கொடுத்து வெச்சவங்க, எவ்ளோ சுத்தமான காத்து!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போவார்கள். அந்தக் காற்று ஒரு வாய் கிடைக்காதா என்று என் மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கழுத்துக் குழி உள்வாங்க, தோள்கள் காதுவரை ஏற. வருஷங்கள் சில ஓடிவிட்டன. கோபம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மூன்று தொல்லைகள் அவளோடு சேர்ந்து வளர்ந்தன. முதலில் தோல். தவழும் வயதிலேயே முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் சிவந்து, வெடித்து, நீர் கசிந்தது. கரப்பான் என்றார்கள். அடுத்து மூக்கு. விடிந்தால் அடுக்கடுக்காகத் தும்மல், கசக்கிக் கசக்கி இமை வீங்கிய கண். சளி என்றார்கள். கடைசியில் நெஞ்சு, வீசிங். இந்த மூன்றையும் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் எல்லா வாயும் ஒரே பதிலைச் சொன்னது. குளிர். இந்த மலையில் குளிர் ரொம்ப வசதியான குற்றவாளி. எதிர்த்துப் பேசாது.

தோலுக்குக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள், எரியுது எரியுது என்று அவள் துள்ளத் துள்ள. மூக்குக்குக் காதோடு சேர்த்துக் கட்டிய துண்டு. நெஞ்சுக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். இழுக்கும்போது வாயில் வைத்து அடிக்க டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்ப் மட்டும் அலமாரியில், துணிகளுக்கு அடியில். பம்ப் பழகிவிடுமாம். பொம்பளைப் பிள்ளை பம்ப் அடிப்பது வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்களாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூச்சுக்கு முன்னால் மாப்பிள்ளை!

சேலத்தில் தோலுக்கு ஒரு டாக்டர், மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர் பார்த்தோம். தோல் டாக்டர் அவள் தும்மியதைக் கவனிக்கவில்லை. நெஞ்சு டாக்டர் அவளுடைய சட்டைக் கையை மடித்துப் பார்க்கவில்லை. என் மகளை மூன்று பங்கு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வருகிற ஆட்களைக் குறிப்பதும் பழத்தை எடை போடுவதும் அவர் பொறுப்பு. எஸ்டேட் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியதும் அங்கே எல்லா வீட்டிலும் சுத்தியல் சத்தம் கேட்கும். பழைய காப்பிச் சாக்குகளைப் பிரித்து, இரட்டையாக மடித்து, சன்னலை மறைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பனி உள்ளே வராது. வெளிச்சமும் வராது, வெயிலும் வராது. சிவராத்திரி போகும்வரை அந்தச் சாக்கை யாரும் தொடக்கூடாது. என் மகளின் கட்டில் அந்தச் சன்னலுக்குக் கீழே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கடைசி பெஞ்ச். இது ஒட்டுமில்லிங்களா என்று பக்கத்துப் பிள்ளையின் அம்மா வந்து கேட்டாராம். டீச்சரும் ஒட்டும் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் சண்டை போட்டுக் கொடுத்தனுப்பிய பம்ப்பை ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைத்தார்கள், பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடும் என்று. தை மாதம் வகுப்பைக் கூட்டிப் பெருக்கிய ஒரு மத்தியானம் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. பீரோ சாவி ஹெட்மிஸ்ட்ரஸின் கைப்பைக்குள் இருந்தது. கைப்பை மீட்டிங்குக்காகச் சேலத்துக்கு பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டியதால் என் பிள்ளை எனக்குக் கிடைத்தாள்.

மறுநாள் போய்க் கத்தினேன். அவர்கள் நிதானமாகக் கேட்டார்கள். "ஏனுங்கம்மா, இப்படிச் சீக்காளிப் புள்ளைய இந்தக் குளிர்ல எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

அந்த வார்த்தைக்கே காத்திருந்ததுபோல என் வீட்டுக்காரரின் அக்கா சேலத்திலிருந்து வந்து இறங்கினார். மகன்கள் வேலைக்கென்று வெளியூர் போய்விட, வீடு நிறைய இடமும் வாய் நிறையப் பேச்சுமாக இருக்கிற மனுஷி. என் மகள்மேல் உயிர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல வரிசையாகத் தும்மினார்.

"ஏம் புள்ள, இன்னும் என்ன யோசன? கண்ணு என்கூட வந்து இருக்கட்டும். எங்கூரு வெயில்ல வேர்த்து ஊத்துனா எல்லாச் சளியும் கழண்டு ஓடிரும்."

"பள்ளிக்கூடம் இருக்குதுங்களே அண்ணி."

"ஏன், சேலத்துல பள்ளிக்கூடமே இல்லியாக்கும்? பொழுதுக்கும் நோட்டுல கவித எழுதற உன் கைக்குப் புள்ள நெஞ்சுல எண்ண தேய்க்க நேரமேது!"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "அக்கா சொல்றதும் சரிதான புள்ள" என்றார். முதலில் ஒரு மாசம், உடம்புக்கு ஒத்துக்கொண்டால் அங்கேயே பள்ளிக்கூடம் மாற்றிவிடலாம் என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்தார்கள். என் வீட்டிலிருந்து என் பிள்ளையைக் குளிரின் பெயரால் பெயர்த்தெடுத்தார்கள்.

அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் பிறந்தபோது அத்தை சீராகக் கொடுத்தது அது. மலைமேல் மஞ்சக்குட்டை ஊரில் இருக்கும் அவர்கள் குடும்பத் தோட்டத்து இலவமரத்துப் பஞ்சு. பெண் பெரியவளாகும்வரை சீர்ப் பஞ்சைப் பிரிக்கக்கூடாது என்று அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். உறையை மாற்றலாம், பஞ்சைத் தொடக்கூடாது. பிறந்தது முதல் அவள் எச்சிலும் கண்ணீரும் எண்ணெயும் இந்த மலையின் ஈரமும் குடித்துக் குடித்து அது கல்லாகக் கனத்தது.

அந்த வாரம் முடிவதற்குள் போன் வந்தது. "கண்ணுக்கு இழுக்குது, உடனே வா."

சேலத்தில் அப்போதே வெயில் ஏறியிருந்தது. அத்தை வீட்டு மின்விசிறி அனலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அனலுக்குள் என் மகள் கீச்சுக் கீச்சென்று மூச்சிழுத்தாள்.

"மலைக் குளிரு ஒடம்புக்குள்ளயே தங்கிருக்குது போல" என்றார் அண்ணி, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். கை காலியாக இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

பின்தெருவில் இருந்த குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். சின்ன வயதுப் பெண். முதலில் புகைபோல மருந்து கொடுத்து மூச்சை அடக்கினார். பிறகு இதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். சட்டைக் கையை மடித்து முழங்கையைப் பார்த்தார், டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"தோல், மூக்கு, நெஞ்சு, மூணும் ஒரே வீட்டு ஆளுங்கம்மா. ஒண்ணு வந்தா மத்ததும் பின்னாடியே எட்டிப் பார்க்கும். அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது. மூக்கைக் கவனிக்காம விட்டா நெஞ்சும் லேசுல அடங்காது."

"குளிருதானுங்க டாக்டரம்மா?" என்றார் அண்ணி.

"குளிரும் கொஞ்சம் தூண்டும். ஆனா இங்க எங்கம்மா குளிரு? எதுல தலை வெச்சுப் படுக்கறா?"

என் மகள் தலையணையைப் பெருமையோடு தூக்கிக் காட்டினாள். அங்கேயும் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் அதை அவளுக்கு எட்டாத தூரத்தில் சன்னலோரம் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். வெயில் கீற்றில் தூசி எழுந்தது. அண்ணி தும்மினார். தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தும்மினார்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

"இதெல்லாம் ஒரு சீக்குங்களா? எங்க குடும்பமே காலைல தும்மித்தான் எந்திரிக்கும். எங்கப்பாவுக்கு இழுப்புகூட இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகே என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தார், உடனே சுவர்க் காலண்டரைப் பார்த்தார். எங்கள் எஸ்டேட் வீட்டில் எங்களுக்கு முன்னால் குடியிருந்த என் மாமனார் குளிரில் போனார் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணப் பேச்சில் மறைத்தீர்கள், போகட்டும். பேத்தி மூச்சுக்குத் தவித்தபோதும் மறைத்தீர்களே. அந்த மனிதரைக் கொன்ற பழியையும் குளிரின் தலையில் கட்டிவிட்டு, அதே சாக்கை அதே சன்னலில் அடித்து, அதே பஞ்சைச் சீர் என்று கொடுத்தீர்களே.

தினமும் எடுக்க ஒரு பம்ப், மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே, குளித்த ஈரத்தோடு பூச ஒரு களிம்பு. பழைய பஞ்சும் பூஞ்சை வாடையும் அவள் படுக்கைப் பக்கமே வரக்கூடாது. டாக்டர் சொன்னதை வாங்கிக்கொண்டு மகளோடு அன்றே மலையேறினேன். தம்பியிடம் பேசி அவளைத் திரும்ப அழைத்துப் போகலாம் என்று அண்ணியும் கூடவே ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சன்னல் சாக்கைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. பின்னால் சுவர் கறுப்பாகப் பூத்திருந்தது, அடுப்புக்கரியைக் கரைத்துத் தெளித்ததுபோல. அடுத்த சன்னல். அடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ரைட்டரம்மா, சன்னலத் தொறந்து போட்டா காட்டெரும வந்து எட்டிப் பாக்குமுங்க!"

"பாக்கட்டும். வந்தா காப்பி போட்டுத் தர்றேன்!"

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஏம் புள்ள, சிவராத்திரிக்கு இன்னும் நாள் கெடக்குதே!"

"அதுவரைக்கும் அவ மூச்சு விட வேண்டாமுங்களா? ஏனுங்க, உங்கப்பாவுக்கு இழுப்பு இருந்துச்சுன்னு எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என் மகளின் தலையணையை மடியில் வைத்து உறையை நீவிக்கொண்டிருந்தார்.

"அது... குளிருதான புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலே அவரை நம்பவில்லை. பிறகு குனிந்து, பிள்ளை காலில் குத்திவிடாமல், தரையில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவளைச் சேலத்துக்கு அனுப்புகிற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். தீரவில்லை. பருவம் மாறும்போது அவள் இன்னும் சொறிகிறாள், தும்முகிறாள். ஆனால் பம்ப் கூடத்து மேசைமேல் சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, விருந்தாளி வந்தாலும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்கள் அரிதாகிவிட்டன. குடியிருப்பில் மற்ற வீடுகளில் பழம் சிவந்தால் இன்னமும் சுத்தியல் சத்தம் கேட்கிறது. அங்கேயும் பிள்ளைகள் இருமுகின்றன. நான் போய்ச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள்.

சாக்குகளைப் பிடுங்கிப் போட்ட மறுநாள் காலை அண்ணியை பஸ் ஏற்றிவிட நானும் மகளும் ஒண்டிக்கடைக்குப் போனோம். பிள்ளையை அழைத்துப்போக வந்தவர் அவளுடைய தலையணையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. தும்மலா, அழுகையா, நான் கேட்கவில்லை. என் கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"ஏங்கண்ணு, நெசமாவே அத்தகூட வர மாட்டியா?"

"லீவுக்கு வர்றேனுங்க அத்தே. பம்பும் எடுத்துட்டு வருவேன். ஒளிச்சு வெக்கச் சொல்லக் கூடாது."

"பாரு வாய! அம்மாளாட்டமே பேசுது. போ சாமி, இந்தத் தலவாணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நானே படுத்துக்கறேன்."

பஸ் நகர்ந்தது. என் மகள் என் கையை உதறிவிட்டு, சன்னலைப் பிடித்தபடி கூடவே கொஞ்ச தூரம் நடந்து, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"அத்தே, அதுல மூஞ்சிய வெச்சுப் படுக்காதீங்க! தாத்தாவுக்கு வந்தது குளிரில்லீங்க அத்தே, நீங்களும் டாக்டரம்மாகிட்டப் போங்க!"